ஓடும்போது நிறுத்து

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிப் படிப்பையும் கணினிப் பித்தையும் பிள்ளைகள் எப்படிச் சேர்த்துச் சமாளிப்பது என்று பேச, வானொலியில் எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். மணி அடித்த பிறகும் பாடத்தை இழுப்பவர் என்று பள்ளியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நண்பரிடம், நீங்கள் கையைக் காட்டினால் நிறுத்திவிடுகிறேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியர். போன வருஷம் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு அம்மா மட்டும் தயங்கித் தயங்கி நின்றார். "சார், பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கான். பின்னாடி நின்னு பாத்தா கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தா ஓடுது. அது படிப்பா, விளையாட்டா? எனக்குத் திட்டவும் தெரியல, விடவும் தெரியல" என்றார். நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அவருக்கு என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் என் சொந்தக் கதை ஒன்று. கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993. நான் கோவில்பட்டியில் பிளஸ் ஒன். எங்கள் பள்ளியில் கணினி கிடையாது. கடைத்தெரு மாடி ஒன்றில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊரிலேயே ஏ.சி. போட்ட அறை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மணிக்கு 15 ரூபாய். என்னிடம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஏழரை ரூபாய்தான் சேரும். ஆக, வாரத்துக்கு அரை மணி நேரம் எனக்குக் கணினி.

அரை மணி நேரத்தில் என்ன செய்ய முடியும்? யோசித்துக்கொண்டு உட்கார முடியாது. அதனால் புரோகிராமை, அதாவது கணினிக்குக் கொடுக்கும் கட்டளை வரிகளை, வீட்டிலேயே நோட்டில் எழுதி முடித்துவிடுவேன். ஜி.டபிள்யூ. பேசிக் என்று ஒரு மொழி. இன்றைக்கு அதை யாரும் சீந்துவதில்லை. அதில் ஒவ்வொரு வரிக்கும் எண் போட வேண்டும். 1, 2, 3 என்று போட மாட்டோம். 10, 20, 30 என்றுதான் போடுவோம். நடுவில் ஏதாவது விட்டுப்போனால் 15 என்று ஒரு வரியைச் செருகிக்கொள்ளலாம் பாருங்கள், அதற்காக. இந்தப் பத்துப் பத்தாக இடம் விடுகிற சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

என் அம்மா தெருவில் ஏலச்சீட்டு நடத்திவந்தார். இருபது பேர், இருபது மாதம், தலைக்கு நூறு ரூபாய். சீட்டு போட்ட வீடுகளுக்குக் கணக்கு சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாதம் சேர்வது மொத்தம் 2,000 ரூபாய், அதை மாதம் ஒருவர் எடுப்பார். அவசரத் தேவை உள்ளவர், இவ்வளவு குறைத்துக்கொண்டு எனக்குக் கொடுங்கள் என்று தள்ளிக் கேட்பார். 400 ரூபாய் தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 1,600. அந்தத் தள்ளுத் தொகை 400இல் சீட்டு நடத்துபவருக்குக் கமிஷன் 100 போக, மீதி 300. அதை இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 15. ஆக அந்த மாதம் எல்லோரும் நூறு கட்ட வேண்டாம், 85 கட்டினால் போதும். அம்மா இதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்ப்பார். நான் இதற்குப் புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று கிளம்பினேன்.

எழுதினேன். சனிக்கிழமை போய் அடித்தேன். தள்ளு எவ்வளவு என்று கேட்டது, 400 என்று கொடுத்தேன். ஆளுக்கு 105 ரூபாய் கட்டச் சொன்னது.

நூற்றைந்து! சீட்டே நூறு ரூபாய்ச் சீட்டு. அரை மணி முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னால், "உன் கம்ப்யூட்டர் கந்து வட்டிக்காரனை விட மோசமா இருக்கேடா" என்று அம்மா சிரிக்கிறார். அடுத்த சனிக்கிழமையும் போனேன். 500 கொடுத்தேன், 105. 300 கொடுத்தேன், 105. எதைக் கொடுத்தாலும் 105. கடையில் பேரம் பேசாத செட்டியார் மாதிரி ஒரே விலை.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு இயற்பியல் தேர்வு. ஞாயிறு முழுக்கப் புத்தகம் மடியில் விரிந்துதான் இருந்தது. கண்ணும் அதில்தான் இருந்தது. தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது, மூன்றாவது கேள்வியோ நான்காவதோ, சட்டென்று உறைத்தது. 105 என்றால் நூறும் ஐந்தும். அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? கமிஷன் நூறை இருபதால் வகுத்தால் ஐந்து. அப்படியானால் தள்ளுத் தொகையே கணக்குக்குள் வரவில்லை. தள்ளு பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டு, கமிஷனை மட்டும் எல்லோர் தலையிலும் கட்டியிருக்கிறது. வினாத்தாளைத் திருப்பி, நினைவில் இருந்த புரோகிராமைப் பின்னால் எழுதிப் பார்த்தேன். அகப்பட்டுவிட்டது. 'தள்ளு' என்பதை ஆங்கில எழுத்தில் ஒரு வரியில் 'எச்' போட்டு எழுதியிருக்கிறேன், இன்னொரு வரியில் 'எச்' இல்லாமல் எழுதியிருக்கிறேன். நமக்கு இரண்டும் தள்ளுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள். பேசிக்கில், மதிப்பே கொடுக்காத ஒரு பெயரைப் பயன்படுத்தினால் அது சண்டை போடாது. பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும்.

எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள். இயற்பியலில் இருபத்தைந்துக்கு ஒன்பது.

இந்தக் கதையை நான் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். பிள்ளைகள் 105இல் சிரிப்பார்கள். எனக்கு அந்த ஒன்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாரத்துக்கு அரை மணி நேரம் மட்டுமே கணினி தொட்டவன் நான். மீதி நேரமெல்லாம் என்னிடம்தான் இருந்தது. பிறகு ஏன் இயற்பியல் போயிற்று? நேரம் போகவில்லை, புத்தி போய்விட்டது. தீராத ஒரு பிழையோடு எழுந்து வந்தால், அது கூடவே வரும். சைக்கிளில் வரும், சாப்பாட்டுத் தட்டுக்கு வரும், தேர்வு அறைக்கும் வரும்.

ஆகவே "ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான்" என்று வீட்டில் சட்டம் போடுவதால் மட்டும் வேலை நடக்காது. அந்த ஒரு மணி எந்த இடத்தில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: ஓடும்போது நிறுத்து. புரோகிராம் சரியாக ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்து இதைச் சேர்க்கலாம் என்று கை துறுதுறுக்கிறது, அப்போது எழுந்துவிடு. அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்துவிடு. அந்த இரண்டு வரி முக்கியம், திரும்பவும் சொல்கிறேன், அந்த இரண்டு வரி முக்கியம். எழுதி வைத்துவிட்டால் தலை அதைச் சுமக்க வேண்டியதில்லை, நோட்டு சுமந்துகொள்ளும். பிழையோடு எழுந்தே தீர வேண்டிய நாளும் வரும். அன்றைக்கு "105 வருகிறது, 85 வர வேண்டும், இன்னின்னது பார்த்துவிட்டேன்" என்று எழுதி வை. எனக்கு அன்று இந்தப் பழக்கம் இருந்திருந்தால், 105இல் ஒளிந்திருந்த அந்த ஐந்து, ஞாயிற்றுக்கிழமையே நோட்டில் கண்ணில் பட்டிருக்கும்.

அப்புறம், அந்தப் பத்து, இருபது, முப்பது. பிள்ளைகள் போடும் கால அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து மணிக்கு எழுவது, ஐந்து ஐந்துக்குக் கணிதம், ஆறு மணிக்கு வேதியியல் என்று மூச்சு விட இடமிருக்காது. மூன்றாம் நாள் கரண்ட் போகும், மாமா வருவார், அட்டவணை சுவரோடு நிற்கும். பத்துப் பத்தாக எண் போடுங்கள். நடுவில் செருக இடம் இருக்கட்டும்.

இன்னொன்று. பாடத்தையும் புரோகிராமையும் இரண்டு எருது மாதிரி எதிரெதிரே கட்ட வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் யூக்ளிடின் வகுத்தல் முறை இருக்கிறது. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிப்பது. 84, 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 84ஐ 30ஆல் வகுத்தால் மீதி 24. 30ஐ 24ஆல் வகுத்தால் மீதி 6. 24ஐ 6ஆல் வகுத்தால் மீதியே இல்லை. அப்போது விடை 6. இரண்டாயிரத்து முந்நூறு வருஷம் பழைய வித்தை. பைதான் என்ற கணினி மொழியில் நான்கைந்து வரிதான். இதைத் தானே எழுதி ஓடவிட்ட பிள்ளைக்கு, தேர்வில் அந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை எல்லாம் இப்படித்தான். ஆனால் எல்லாப் பாடமும் இப்படி வளையாது. கரிம வேதியியல் வினைகளைப் புரோகிராம் எழுதிப் படிக்கிறேன் என்று ஒரு பையன் வந்தான். உட்கார்ந்து எழுதிப் படி தம்பி என்று அனுப்பிவிட்டேன்.

கணினிப் பாடத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு. 2019இல் வந்த புதிய புத்தகத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைதான். நல்ல புத்தகம், நான் குறை சொல்லவில்லை. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த எழுபதில் வரையறை கேட்பார்கள், வேறுபாடு கேட்பார்கள், ஒரு மதிப்பெண் வினா பதினைந்து வரும். வீட்டில் சொந்தமாக கேம் எழுதும் பிள்ளை இதில் வழுக்கி விழுவதை நான் பார்த்திருக்கிறேன். "எனக்குத்தான் பைதான் தெரியுமே" என்று அந்தப் புத்தகத்தை மட்டும் திறக்காமல் விட்டிருப்பான். தெரிவது வேறு, தெரியும் என்று தாளில் எழுதிக் காட்டுவது வேறு வேலை. இரண்டாவதற்கும் தனியாக உட்கார வேண்டும்.

சரி, பைதான் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அதை உருவாக்கிய கீடோ வான் ராசம், 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டி அலுவலகம் பூட்டியிருந்த நாட்களில், பொழுதுபோக்காகத்தான் அந்த வேலையைத் தொடங்கினார். ஆம்ஸ்டர்டாமில். நம் பிள்ளைகளுக்கும் அரையாண்டு விடுமுறை அதே கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் வருகிறது! பெரிதாக ஏதாவது செய்து பார்க்க ஆசையா, அந்த விடுமுறைக்கு ஒதுக்கி வை. ஜூன் முதல் டிசம்பர் வரை சிறிது சிறிதாகக் கற்றுக்கொள். பொங்கல் கழிந்தால் பொதுத்தேர்வு வரை மூடி வை. ஓடிப்போகாது.

லினஸ் டோர்வால்ட்ஸ் கதையைப் பிள்ளைகளே என்னிடம் சொல்வார்கள். தாத்தா வாங்கிய சின்னக் கணினியில் சிறு வயதில் தானாகக் கற்றவர், 1991இல் இருபத்தோரு வயதில் மாணவராக இருந்தபடியே, கணினியையே இயக்கும் மென்பொருளான லினக்ஸை எழுதினார். உண்மைதான். 1988இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் 1996 வரை அங்கே படித்துக்கொண்டிருந்தார் என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன். நடுவில் ராணுவப் பயிற்சி வேறு. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லித் தொலைக்காதீர்கள் என்று வீட்டில் எச்சரிக்கை. இப்போது வானொலியில் சொல்லிவிட்டேன். அவர் பல்கலைக்கழகம் காத்திருந்தது. நம் மார்ச் மாதத் தேர்வு யாருக்கும் காத்திருக்காது. அதனால்தான் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த அம்மாவுக்கு வருகிறேன். "அம்மா, திரையைப் பார்க்காதீங்க, உங்களுக்கும் புரியாது, பல நேரம் எனக்கும் புரியாது. அவன்கிட்ட நோட்டைக் கேளுங்க. இன்னைக்கு என்ன செஞ்ச, நாளைக்கு என்ன செய்யப்போறன்னு ரெண்டு வரி எழுதியிருக்கானா பாருங்க. எழுதியிருந்தா விடுங்க, ஆனா பத்தரைக்கு விளக்கை அணைச்சிருங்க. நோட்டே இல்லைன்னா அது வேற விஷயம்" என்றேன். அடுத்த கூட்டத்துக்கு அவர் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பதினெட்டாம் பக்கத்தில் ஒரு வரி: "அம்மா பார்க்கிறாங்க, ஒழுங்கா எழுதணும்."

நண்பர் இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடமா, இரண்டாம் முறையா தெரியவில்லை. பெண் பிள்ளைகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தேன், முதலிலேயே அதைப் பேசியிருக்க வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். என் வகுப்பில் வீட்டில் கணினி இல்லாத பெண் பிள்ளைகள்தான் அதிகம். இருக்கும் வீட்டிலும் அண்ணன் எழுந்த பிறகுதான், பாத்திரம் கழுவிய பிறகுதான் அவள் முறை. அவளுக்கு "நிறுத்து, எழுந்துவிடு" என்று நான் இன்று சொன்ன எதுவும் பொருந்தாது. அவளுக்கு முதலில் நேரம் கிடைக்க வேண்டும். போனிலேயே இணையம் இல்லாமல் பைதான் ஓட்டலாம். அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது, பள்ளி முடிந்து அரை மணி நேரம் இருந்துவிட்டு வர வீட்டில் அனுமதி கொடுங்கள். திரும்பி வரும்போது பாத்திரம் காத்திருந்தால், அதை அண்ணன்...

சரி சரி, நிறுத்திவிட்டேன். நன்றி, வணக்கம்.