மாத்திரை பாதி, கேள்வி பாதி

நேயர்களுக்கு வணக்கம். செவிலியர், ஆலோசகர், மருந்தாளுநர் ஆகியோருக்கு எச்.ஐ.வி. தடுப்பில் பயிற்சி அளிப்பது என் வேலை. பயிற்சி என்றதும் மருந்துப் பாடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மருந்துப் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும்.

எச்.ஐ.வி. தொற்று இல்லாதவர், ஆனால் தொற்று வர வாய்ப்புள்ளவர், அதைத் தடுக்க முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை ஒன்று உண்டு. பிரெப் என்கிறார்கள். பரவலாகத் தரப்படும் மாத்திரையில் டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என இரண்டு மருந்துகள் இருக்கின்றன. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரவலாகப் பரிந்துரைத்தது. தவறாமல் சாப்பிட்டால், உடலுறவு வழியே தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 99 விழுக்காடு குறைகிறது. தொடங்குமுன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம், தொற்று உள்ளவர் இதை மட்டும் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போகலாம். அவ்வளவுதான் பாடம்.

தவறாமல் சாப்பிட்டால் என்றேனே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எந்த வகுப்பிலும் நான் சொல்லாமல் விடாத கதை ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம், இந்த மருந்து தொற்றைத் தடுக்கிறதா என்று பார்க்க 'வாய்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. தடுத்ததாகத் தெரியவில்லை. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டபோது, பத்தில் ஒன்பது வேளை சாப்பிட்டதாகச் சொன்னார்கள். திருப்பித் தந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தாலும் கணக்குச் சரியாகவே வந்தது. ஆனால் இரத்தத்தைச் சோதித்தபோது, மருந்து தென்பட்டது சுமார் 30 விழுக்காடு மாதிரிகளில்தான். ஆய்வு முடிந்தபின் அந்தப் பெண்களில் சிலரிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. நோயாளிகள் சாப்பிடும் மருந்து அல்லவா, வீட்டில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் வெளியே வந்தது. பக்கவிளைவு பற்றிய அச்சமும் இருந்தது.

பொய் சொன்னார்கள் என்று அவர்களைக் குறை சொல்லாதீர்கள். வெள்ளை அங்கிக்கு எதிரே உட்கார்ந்தால் நாம் எல்லோருமே நல்ல பிள்ளைகள்தானே! இனிப்பைத் தொடுவதே இல்லை என்று மருத்துவரிடம் சொல்லாதவர் யார்?

அதனால் எங்கள் வகுப்பில் இருவரை எதிரெதிரே உட்கார வைப்போம். ஒருவர் செவிலியர், மற்றவர் மாத்திரை கேட்டு வந்தவர். செவிலியராக இருப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "கல்யாணம் ஆகிவிட்டதா?" எதிரில் இருப்பவர் நடிக்கத்தான் வந்திருக்கிறார்; ஆனாலும் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொள்கிறார். அடுத்த கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில்தான் பதில் வருகிறது. அப்படியே நிறுத்தச் சொல்லி, மறுபடி தொடங்கச் சொல்வேன். "இங்கே வரும் எல்லோரிடமும் இதைக் கேட்போம். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம்" என்று ஆரம்பித்தால் கைப்பை கீழே இறங்குகிறது.

மாத்திரை விஷயமும் அப்படியே. "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்றால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "பலருக்கும் சில நாள் விட்டுப்போகிறது. போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போயிற்று?" என்று கேளுங்கள். உண்மையைச் சொல்ல அதில் இடம் இருக்கிறது. வாய்ஸ் ஆய்விலும் குறை மாத்திரையில் இல்லை. பெரும்பாலும் அது வயிற்றுக்குள் போகவே இல்லை.

இந்த மாத்திரையைக் கொடுத்தால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று எழுந்து சொல்பவர் எந்த வகுப்பிலும் ஒருவர் இருப்பார். நான் வாதாடுவதில்லை. அவரை மாத்திரை கேட்டு வந்தவராக உட்கார வைத்துவிடுவேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. மாத்திரைக்குப் பதிலாகப் போடும் தடுப்பு ஊசி மருந்து பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியை 2025இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. மாத்திரையை ஒளித்துவைக்க வேண்டியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

இன்னொன்று. தொற்றுக்கு இடமாகிவிட்டோமோ என்று பயந்து ஒருவர் ஓடிவந்தால், அவருக்கு வேறு மருந்து முறை உண்டு. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இது இரவுப் பணியில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வந்தவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டால், அந்த நேரம் கைநழுவிப் போய்விடலாம். நன்றி, வணக்கம்.