ஓடியவர்கள் மூவர், தீர்ப்பு மட்டும் இரண்டு! அடிமை முறையும் ஒப்பந்தக் கூலியும்

[திரையில்: வர்ஜீனியா, 1640]

ஒரே முதலாளியிடம் வேலை பார்த்த மூன்று பேர் சேர்ந்து ஓடுகிறார்கள். மேரிலாந்தில் பிடிபடுகிறார்கள். மூவருக்கும் ஆளுக்கு முப்பது கசையடி. அதுவரைக்கும் நீதி சமமாகத்தான் இருக்கிறது. அடுத்த வரியைக் கவனியுங்கள். டச்சுக்காரர் விக்டருக்கும் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் கிரெகரிக்கும் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு முதலாளிக்கு ஓராண்டு, அரசுக்கு மூன்றாண்டு கூடுதல் வேலை. மூன்றாமவர் ஜான் பஞ்ச், கறுப்பர். அவருக்கு ஆயுள் முழுவதும்!

செய்த குற்றம் ஒன்றுதான். இருவருக்கு விடுதலை நாள் தள்ளிப்போனது; ஒருவருக்கு அந்த நாளே இல்லாமல் போனது. 1662-இல் வர்ஜீனியா இன்னும் ஒரு படி கீழே இறங்கியது: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டமே எழுதிவிட்டார்கள். இத்தனை ஆண்டு வேலை செய்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டு வந்தவர்தான் ஒப்பந்தக் கூலி; அவர் பிள்ளை ஒப்பந்தத்தோடு பிறப்பதில்லை. அடிமை முறையும் ஒப்பந்தக் கூலியும் ஒன்றுதான் என்று பேசுபவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணம் இதுதான்.

[வரைபடம்: மொரீஷியஸ், நேட்டால்]

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1834-இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு, அத்தனையும் உடைமையாளர்களுக்கு! அதே ஆண்டு நவம்பரில் 'அட்லஸ்' கப்பல் 36 இந்திய ஒப்பந்தக் கூலிகளை மொரீஷியஸில் இறக்கியது. 1860-இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. நம் சேலம் மாவட்டத்துக்காரர்களும் பின்னாளில் நேட்டாலுக்குக் கப்பலேறினார்கள்.

ஒப்பந்தத்தில் கூலி உண்டு, கெடு உண்டு. ஆனால் மொரீஷியஸில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். நான்கு நாள் வராமல் போனால் எட்டு நாள் கூலி போய்விடும். ஒப்பந்தம் முடிந்தவரும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடமாட வேண்டும் என்று 1867-இல் சட்டம் வந்தது.

[காட்சி: விசைத்தறிக் கூடம், தறி ஓடும் சத்தம்]

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். இந்த வீடியோவை எடுத்ததே இந்தப் பகுதிக்காகத்தான். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டுபவரைக் கேட்டால் 'பாக்கி' பற்றிச் சொல்வார். வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் வாங்கும் முன்பணம் அது. கல்யாணம், வைத்தியம், சீர் என்று ஏதோ ஒரு செலவுக்கு வாங்குவார்கள். பாக்கி நிற்கும்வரை அந்தத் தறியை விட்டுப் போக முடியாது. வேறு தறிக்குப் போக வேண்டுமென்றால் புது முதலாளி பழைய முதலாளிக்குப் பாக்கியைக் கட்டி, ஆளை அழைத்துக்கொள்வார்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஆளை யாரும் விற்கவில்லை. கடன்தான் கைமாறியது, ஆள் அதன் பின்னால் போனார். அமெரிக்கத் தோட்டத்தில் உடலை வாங்கினார்கள், நேட்டாலில் ஆண்டுகளை வாங்கினார்கள், இங்கே கடனை வாங்குகிறார்கள். தறிக்காரர் விரும்பித்தானே முன்பணம் வாங்குகிறார், பேரம்கூடப் பேசுகிறாரே என்பீர்கள். உண்மைதான், அதனால் இதை அடிமை முறை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய பண்ணையத்தில் அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் பண்ணாடியின், அதாவது பண்ணை முதலாளியின், ஆட்டை மேய்த்தானே, அங்கே கடன் அடுத்த தலைமுறைக்கும் இறங்கியது. ஒப்பந்தக் கூலியில்கூட இல்லாத கொடுமை அது!

நூற்பாலைகள் இளம்பெண்களை வேலைக்கு எடுத்த 'சுமங்கலித் திட்டம்' பாக்கிக்கு நேர் தலைகீழ்: முன்பணம் கிடையாது, மூன்றாண்டு முடிந்தால்தான் மொத்தப் பணம். பாதியில் கிளம்பிய பெண்கள் பலர் அந்தப் பணத்தை இழந்தார்கள்.

[திரையில்: 1976, 1982]

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்டும் கடமையே கிடையாது என்கிறது அது. 1982-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய உழைப்புதான்.

உங்கள் ஊரில் கடனைக் காட்டி யாரையாவது கட்டிப்போட்டிருந்தால் மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுங்கள். சிக்கியிருப்பது குழந்தை என்றால் 1098-ஐ அழையுங்கள். உங்கள் பகுதியில் பாக்கி எப்படி நடக்கிறது என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். ஆளின் பெயரோ தறியின் பெயரோ வேண்டாம்.