ஆறிய எஞ்சினை உதைத்துப் பார்த்து வாங்குங்கள்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் என் பட்டறைக்கு வருகிற பையன்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, பெங்களூரில் ஒரு டூ ஸ்ட்ரோக் எண்டுரோ வண்டி விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே போனை நீட்டுவார்கள். எண்டுரோ என்றால் கல்லிலும் கரட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று ஒரு கேடிஎம் நிற்கும். படத்தைப் பார்த்து நான் எதுவும் சொல்வதில்லை, ஏனென்றால் அந்தப் பிளாஸ்டிக்கையும் ஸ்டிக்கரையும் ஒரே நாளில் புதிதாக மாட்டிவிடலாம், உள்ளே பிஸ்டன் என்ன நிலையில் இருக்கிறது என்பது எந்தப் படத்திலும் தெரியாது.

நம் பக்கத்துக்கு டூ ஸ்ட்ரோக் புதிதல்ல. 1980-ல் டிவிஎஸ் 50 வந்ததே நம் ஓசூரிலிருந்துதான், பால் கேனையும் புல்லுக்கட்டையும் ஏற்றிக்கொண்டு அது போகாத ஊர் இந்த இரண்டு மாவட்டத்திலும் இல்லை. அப்புறம் 1985-ல் ஆர்எக்ஸ் 100 வந்தது. பெட்ரோலில் ஆயில் கலப்பது, ப்ளக்கைக் கழற்றிக் கரியைத் துடைப்பது எல்லாம் நம் ஊர்ப் பையன்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனாலேயே "டூ ஸ்ட்ரோக் தானே, எனக்குத் தெரியாததா" என்று நம்பிப் போய்ப் பணத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். ஆர்எக்ஸ் 100-ல் சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்து உள்சுவரை 0.25 மில்லிமீட்டர் கடைந்து, அதாவது போர் போட்டு, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டால் வண்டி மறுபடி ஓடும், ஏனென்றால் உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு. எண்டுரோ வண்டியின் சிலிண்டர் அலுமினியம். அதன் உட்சுவரில் நிக்கசில் என்று சொல்லும் மெல்லிய முலாம் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு முடியின் தடிமன்தான், ஆனால் அவ்வளவு கடினம். அது உரிந்துவிட்டால் லேத்துக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. முலாமை மறுபடி போடும் இடத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் புது சிலிண்டர் வரவழைக்க வேண்டும், இரண்டும் பர்ஸைக் காலி செய்கிற வேலை.

எஞ்சினுக்குள் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விற்கிறவர்கள் எல்லாவற்றையும் "டர்ட் பைக்" என்றே சொல்வார்கள். அதில் மோட்டோகிராஸ் வேறு, எண்டுரோ வேறு. மோட்டோகிராஸ் வண்டி மூடிய பந்தயத் தடத்தில் உயரமாகத் தாவி விழுவதற்கு என்று செய்தது, அதனால் ஷாக் அப்சர்பர் கல் மாதிரி இருக்கும், கியர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும், சக்தியும் மேல் ஆர்பிஎம்மில்தான் திடீரென்று வரும். நம் பாறைக்கரட்டில், ஓடைக் கல்லில், புளியமரத்து வேருக்கு நடுவே நடை வேகத்தில் ஏறும்போது அது நம்மைப் படாத பாடு படுத்திவிடும். எண்டுரோ வண்டியில் முதல் கியர் நன்றாகத் தாழ்வாக இருக்கும், மேல் கியர் நீளமாக இருக்கும், சஸ்பென்ஷன் மெத்தென்று கல்லை விழுங்கும், ஹெட்லைட்டும் இருக்கும். ஏமாற்றாமல் காட்டிக்கொடுக்கும் அடையாளம் பின் சக்கரம். எண்டுரோவில் 18 அங்குலம். 250 சிசி மோட்டோகிராஸில் 19 அங்குலம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும், குனிந்து படித்துவிடுங்கள்.

எத்தனை சிசி? நம் நிலத்துக்கு 250 அல்லது 300 என்றுதான் நான் சொல்வேன். 300 என்றதும் பையன்கள் பயப்படுகிறார்கள், உண்மையில் 125-ஐத்தான் எப்போதும் முறுக்கிக்கொண்டே ஓட்ட வேண்டும், கொஞ்சம் விட்டால் ஏற்றத்தில் நின்றுவிடும். 300 சிசி டூ ஸ்ட்ரோக், ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டாலே இரண்டாவது கியரில் டிராக்டர் மாதிரி இழுத்துக்கொண்டு ஏறும். எடையும் கிட்டத்தட்ட 100 கிலோதான், நம் ஆர்எக்ஸ் 100-ம் அதே எடை! உயரம்தான் பிரச்சினை. இருக்கை 950 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், குள்ளமானவர்களுக்கு நுனிக்கால்தான் தரையைத் தொடும், ஆகவே உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது எஞ்சின். பார்க்கப் போவதற்கு முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள்: "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணலாம், அதற்கு முன்னால் வேண்டாம்." போனதும் முதல் வேலையாக சிலிண்டரில் கை வையுங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேய்ந்த பிஸ்டனும் மோசமான கார்பரேட்டரும் சூடான எஞ்சினில் நல்ல பிள்ளையாக நடிக்கும். ஆறிய எஞ்சினில் நடிக்க முடியாது. கிக்கரைக் கையாலேயே மெதுவாக அமுக்கிப் பாருங்கள், வாயை அடைத்த சைக்கிள் பம்பை அமுக்குவது போல ஒரு இடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போயிருக்கிறது. சோக் போட்டு இரண்டு மூன்று உதையில் பிடித்ததும் காதைக் கொடுங்கள். உலோகம் உலோகத்தைத் தட்டும் டக் டக் சத்தம் கேட்டால் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடுகிறது.

அடுத்ததைச் சொன்னால் சில உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்கள், சுளித்தால் சுளிக்கட்டும். சைலன்சருக்கு முன்னால் வயிறு பெருத்த ஒரு குழாய் இருக்கிறதே, அதை எஞ்சினோடு பிடித்திருப்பது இரண்டு ஸ்பிரிங்கும் ஓரிரண்டு போல்ட்டும்தான். ஐந்து நிமிட வேலை. எஞ்சின் ஆறிய பிறகு அதைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கிக்கரை மெல்ல அசைத்தால் பிஸ்டனின் பக்கச் சுவர் மேலும் கீழும் நகர்வது கண்ணுக்கு நேராகத் தெரியும். மங்கலான சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் நிம்மதி. நெடுக்குவாட்டில் நகத்தால் கீறியது போலக் கோடுகள் இருந்தால், அதிலும் விரல் நகம் சிக்குகிற ஆழத்தில் இருந்தால், எஞ்சின் ஒரு முறையாவது பிடித்துக்கொண்டிருக்கிறது, அதாவது பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகி நின்றிருக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி தின்றிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து உள் சுவரில் விரலால் தடவுங்கள். நம் செம்மண் அங்கே விரலில் ஒட்டினால் அது சிலிண்டருக்குள்ளும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

"பிஸ்டன் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான். சாதாரணமாகத் தடங்களில் ஓட்டுகிற 250, 300-க்கு 80-லிருந்து 100 மணி நேரத்துக்குள் பிஸ்டன் மாற்றுவது நல்ல பழக்கம். மாற்றிய பிஸ்டனின் பழைய டப்பாவையோ பில்லையோ எடுத்துக் காட்டுகிறவரிடம் வாங்கலாம். "எஞ்சின் இதுவரை திறந்ததே இல்லை" என்று பெருமையாகச் சொல்கிறவரிடம், பிஸ்டன் வேலைச் செலவை விலையிலிருந்து கழித்துத்தான் பேச வேண்டும்.

நான் அடிபட்ட இடம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒருவரிடம் ஒரு 250 வாங்கினேன். நான் போனபோது எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஒரு சுற்று போய் வந்தேன் என்றார், நம்பினேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டபோது சத்தம் உடனே இறங்கவில்லை, இழுத்துக்கொண்டே இருந்து மெதுவாகத்தான் அடங்கியது. எஞ்சின் நல்ல பலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் ராயக்கோட்டைப் பக்கம் நண்பர் ஒருவரின் கரட்டு நிலத்தில் ஏறிக்கொண்டிருக்கிறேன், கீச்சென்று ஒரு சத்தம், பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. உச்சி வெயிலில் நண்பரும் நானும் வண்டியை ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தோம். பட்டறையில் பிரித்தபோது பிஸ்டனின் அலுமினியம் உருகி சிலிண்டர் சுவரில் ஈஷிக்கொண்டிருந்தது. காரணம், பிஸ்டனுக்குக் கீழே சுழலும் தண்டான கிராங்க்கின் இடது பக்கத்து ஆயில் சீல். இரண்டு வருடம் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்ததில் அந்த ரப்பர் காய்ந்து விறைத்து, அதன் வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைக்கே பெட்ரோலோடு கலந்துதான் ஆயில் வருகிறது. காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, சூடு ஏறுகிறது, பிடித்துக்கொள்கிறது. அந்த இழுத்துக்கொண்டே இருந்த சத்தம் எனக்கு முதல் நாளே அதைச் சொல்லியிருந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் சத்தம் பட்டென்று இறங்காத டூ ஸ்ட்ரோக்கை நான் இப்போது தொடுவதில்லை.

வலது பக்கத்து சீல் போனால் அடையாளம் வேறு. கிராங்க் அறை கியர் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும், சூடேறிய பிறகும் புகை அடர்த்தியாக வந்துகொண்டே இருக்கும், கியர் ஆயில் அளவு காரணமே இல்லாமல் குறையும். அந்த ஆயிலைக் கொஞ்சம் இறக்கியும் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் வாட்டர் பம்ப் சீல் வழியாகத் தண்ணீர் கலந்திருக்கிறது.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் பேரிங் தெரிந்துவிடும். ஃபுட்ரெஸ்ட் பொருத்தியிருக்கும் இடத்தில் வெல்டிங்கில் விரிசல் உண்டா, ரேடியேட்டர் நசுங்கியிருக்கிறதா, ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். செயின், ஸ்ப்ராக்கெட், டயர் தேய்ந்திருந்தால் விலையைக் குறைக்கக் கேளுங்கள், அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

2018 மாடலிலிருந்து கேடிஎம் 250, 300 எண்டுரோவில் கார்பரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது, ஆயிலும் தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாகப் போகிறது. அருமையான வேலைப்பாடு. ஆனாலும் நம் ஊரில் வைத்துப் பார்க்கப் போகிறவருக்கு அதற்கு முந்தைய கார்பரேட்டர் வண்டியையே நான் சிபாரிசு செய்வேன், சென்சார் கோளாறு என்றால் கருவி வைத்துப் பார்க்கிற ஆளைத் தேடி பெங்களூர்தான் போக வேண்டும். கார்பரேட்டர் வண்டி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பெங்களூரும் ஓசூரும் சுமார் 900 மீட்டர் உயரம், தருமபுரி அதில் ஏறக்குறைய பாதி. கீழே காற்று அடர்த்தி என்பதால் மேலே சரியாக இருந்த ஜெட், அதாவது கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை, இங்கே போதாமல் வண்டி கொஞ்சம் வறட்சியாக, பெட்ரோல் குறைந்து ஓடக்கூடும். கொண்டுவந்து ஓட்டியதும் ப்ளக்கைக் கழற்றுங்கள். காபி நிறம் நல்லது. வெளுத்திருந்தால் ஒரு அளவு பெரிய ஜெட் போடுங்கள்.

பேப்பர் விஷயம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை பந்தயத்துக்கு என்று இறக்குமதியானவை, ரோட்டில் ஓட்டப் பதிவு செய்ய முடியாதவை. சுங்க வரி கட்டிய ரசீது இல்லாமல் வாங்காதீர்கள், நம்பர் பிளேட் இல்லாததைச் சின்ன யானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்குள் இதை எடுத்துக்கொண்டு போகிற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 2014-ல் காவிரி வடக்கும், 2022-ல் காவிரி தெற்கும் வனவிலங்கு சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன, யானை நடமாடும் இடம், அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். சொந்த நிலம், நண்பரின் மாந்தோப்பு ஓரம், உரிமையாளர் சம்மதித்த கரடு, இவை போதும். மாடு கட்டியிருக்கும் பக்கம் ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் போங்கள், கறவை மாடு மிரண்டால் அந்த வேளைப் பால் போச்சு.

வாங்கி வந்தாயிற்று என்றால் அன்றைக்கே டேங்கில் இருக்கும் பெட்ரோலை முழுவதும் இறக்கிவிடுங்கள். அவர் எந்த ஆயிலை எந்த அளவில் கலந்தார், எத்தனை மாதமாக அது அங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. தனியாக ஒரு கேனில் லிட்டருக்கு 25 மில்லி என்ற கணக்கில் நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றிக் குலுக்கி, அதை டேங்கில் ஊற்றி, பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, முழுவதும் ஆறவிட்டு, கிக்கரை மறுபடி ஒரு முறை கையால் அமுக்கிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.