சிஎஸ்வி இம்போர்ட் பண்ணினா ஏன் எர்ரர் வருது? சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. குலசேகரத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ரப்பர் ஷீட்டு, ஒட்டுப்பால் எடையெல்லாம் கணக்கு பாக்க பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் வச்சிருக்காராம். "நேத்து வரைக்கும் ஓடிச்சு. இன்னைக்கு சிஎஸ்வில ரீடர் இல்லன்னு எர்ரர். சர்க்குலர் இம்போர்ட்டுன்னும் சொல்லுது, நான் அப்படி ஒண்ணும் எழுதலியே. பிறகு, ஸ்டார் போட்டு இம்போர்ட் பண்ணுனா தப்பாண்ணே?"

ஃபோல்டர் படமும் அனுப்பியிருக்காரு, நல்லதாப் போச்சு. அதுல சிஎஸ்வி டாட் பிஒய்னு ஒரு ஃபைல் கெடக்கு பாருங்க. பழகிப் பாக்க எழுதுனதா இருக்கும். அதுதான் வினை. சிஎஸ்விங்கது கமா போட்டுப் பிரிச்ச அட்டவணை ஃபைலப் படிக்க பைத்தானே தர மாட்யூல், அதாவது ரெடியா எழுதி வச்ச ஃபைலு. ரீடர் அதுக்குள்ள உள்ளதுதான்.

இம்போர்ட்டுன்னா என்ன? அந்த ஃபைலத் தேடி எடுத்து, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவ ஓட்டுதது. ஸ்கிரிப்ட் இருக்க ஃபோல்டர்லதான் முதல்ல தேடும், பைத்தானோட சொந்த மாட்யூலுக்குப் பிறகுதான் போகும். அப்போ உங்க சிஎஸ்வி ஃபைல் கெடச்சுருது. அதுக்குள்ளயும் இம்போர்ட் சிஎஸ்வி இருக்கு. அது பாதி ஓடிட்டு இருக்க தன்னையேதான் திரும்ப எடுக்குது. ரீடர் எங்க இருந்து வரும்? சர்க்குலர்னு சொல்லுதது அதத்தான். சந்தேகம்னா சிஎஸ்வி டாட் அண்டர்ஸ்கோர் ரெண்டு, ஃபைல், அண்டர்ஸ்கோர் ரெண்டுன்னு பிரிண்ட் பண்ணுங்க, எந்த ஃபைல எடுத்துதுன்னு காட்டிரும். இம்போர்ட்டே எர்ரர் அடிச்சு நின்னா, எர்ரர்லயே அந்தப் பாதை இருக்கும். பைத்தான் 3.13ல இருந்து பேர மாத்துங்கன்னு எர்ரரே சொல்லிரும். பைகேஷ்னு பைத்தான் தானா உண்டாக்குத ஃபோல்டர அழிக்கணும்னு சிலபேர் சொல்லுவாங்க. பைத்தான் 3ல அதுக்கு வேல இல்ல.

ரேண்டம், ஜேசன், டேட்டைம், இந்தப் பேர்லயும் ஃபைல் வைக்காதீங்க.

ஸ்டார் கேட்டீங்கல்லா? ஸ்டார்னா அந்த மாட்யூல்ல உள்ள பேரெல்லாம் ஒட்டுமொத்தமா எடுக்குதது. ஃப்ரம் ஓஎஸ் இம்போர்ட் ஸ்டார்னு போட்டுட்டு, வழக்கம்போல ஓப்பனுக்கு ஃபைல் பேரும், படிக்கதுக்கு 'r'னும் குடுத்து தெறக்கப் பாருங்க. ஸ்ட்ரிங்க முழு எண்ணா எடுக்க முடியாதுன்னு டைப் எர்ரர் வரும். ஓஎஸ்ஸும் பைத்தானோட ஒரு மாட்யூல்தான், அதுலயும் ஓப்பன்னு ஒண்ணு உண்டு, அது வந்து பழைய ஓப்பன மறைச்சிருது. எர்ரர் வந்தா தப்பிச்சோம்; சத்தமே இல்லாம தப்புக் கணக்கு வந்தாத்தான் பாடு. வேணும்ங்கத மட்டும் பேரச் சொல்லி எடுங்க.

நெசமான சர்க்குலர் எப்போ வரும்னா, விலை ஃபைல் பில்ல இம்போர்ட் பண்ணுது, பில் ஃபைல் விலைய இம்போர்ட் பண்ணுது, அப்போ. ரெண்டுக்கும் பொதுவானத மூணாவது ஃபைலுக்கு மாத்துங்க. ஃபங்ஷனுக்குள்ள இம்போர்ட் போட்டாலும் ஓடும், ஆனா அது ஒட்டுப்போடுதது மாதிரிதான்.

இம்போர்ட் வரிகள எந்த வரிசைல எழுதணும்ங்கது பெரிய காரியமில்ல: பைத்தானோடது, பிப்பு வச்சு வெளிய இருந்து இன்ஸ்டால் பண்ணுனது, நம்ம சொந்த ஃபைலு. நடுவுல ஒரு வரி இடம் விடுங்க.

முதல்ல அந்த ஃபைல் பேர மாத்தி ஓட்டுங்க தம்பி. பிறகும் வந்தா எர்ரரோட கடைசி வரிய மட்டும் அனுப்பாண்டாம், முழுசா அனுப்புங்க.