நிலையம் தெரியாத ரேடியோ: ஆக்சியான் தேடல்

(காட்சி: பழைய ரேடியோ. ஒரு கை குமிழைத் திருகுகிறது. கரகரப்பு மட்டும்.)

வணக்கம். நிலையம் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று தெரியாது, நிலையம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே தெரியாது, ஆனாலும் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஏடிஎம்எக்ஸ் (ஆக்சியான் கரும்பொருள் சோதனை) குழு செய்வது இதைத்தான்.

அவர்கள் தேடுவது ஆக்சியான். நியூட்ரானுக்குள் மின்னூட்டம் ஒரு பக்கமாக ஏன் சாய்வதில்லை என்ற புதிருக்கு 1977இல் பெச்சே, க்வின் என்ற இயற்பியலாளர்கள் சொன்ன விடையிலிருந்து வந்த, இன்னும் யாரும் கண்டிராத துகள். கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பு விசையால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருள் முழுக்க ஆக்சியானாக இருந்தால், இந்தக் குழு தேடும் எடையில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் கோடி கோடி ஆக்சியான்கள் இருக்கும். உங்கள் உள்ளங்கைக்குள்ளும்தான்.

சரி, எப்படிப் பிடிப்பது? வலுவான காந்தப்புலத்தில் ஆக்சியான் நுண்ணலையாக மாறும், அதைக் கேட்கலாம் என்று 1983இல் இயற்பியலாளர் பியர் சிகிவி சொன்னார். அந்த அலையின் அதிர்வெண் ஆக்சியானின் எடையைப் பொறுத்தது, எடையோ தெரியாது.

(காட்சி: உருளையின் குறுக்குவெட்டு. இரண்டு தண்டுகள் மெல்ல நகர்கின்றன.)

தாமிரப் பூச்சுப் பூசிய, சுமார் 136 லிட்டர் கொள்ளும் உருளை. சுற்றிலும் 7 டெஸ்லாவைத் தாண்டும் காந்தம். உள்ளே இருக்கிற இரண்டு தாமிரத் தண்டுகள்தான் நம் குமிழ், அவற்றை நகர்த்தினால் உருளை ஒத்ததிரும் அதிர்வெண் மாறும். வரவேண்டிய சிக்னலின் அளவைக் கேளுங்கள்: ஒரு வாட்டைக் கோடியால் மூன்று முறை வகுத்து, அப்புறம் நூறாலும் வகுங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான்! உருளையின் சொந்தச் சூடே இதை மூழ்கடித்துவிடும் என்பதால், தனிச்சுழிக்கு, அதாவது அதற்குக் கீழே குளிரவே முடியாத வெப்பநிலைக்கு, மேல் பத்தில் ஒரு கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கிறார்கள்.

645 முதல் 680 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்டு முடித்ததை 2018இல் அறிவித்தார்கள். ஆக்சியான் பற்றிய முக்கியக் கோட்பாட்டு மாதிரிகளில் மிக மெலிந்த சிக்னலைச் சொல்லும் டிஎஃப்எஸ்இசட்டையும் கேட்கக்கூடிய காது அப்போதுதான் முதன்முதலாக வாய்த்தது. அந்தப் பட்டையில் ஆக்சியான் சிக்கவில்லை. 2021இல் சுமார் ஒரு கிகாஹெர்ட்ஸ் வரை போனார்கள், அங்கேயும் இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. குழுவில் சிலர் மற்றவர்களுக்குச் சொல்லாமல் போலி ஆக்சியான் சிக்னலை உருளைக்குள் அனுப்புவார்கள். ஒரு முறை அப்படி ஒன்று மறுபடி மறுபடி அதே இடத்தில் கேட்டது, ஒத்ததிர்விலிருந்து விலகினால் மறைந்தது, அசல் ஆக்சியான் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படியே. கடைசியில்தான் சொன்னார்கள், அது நாங்கள் வைத்தது என்று.

தண்டுகள் மறுபடி நகரத் தொடங்கின.

(காட்சி: கரகரப்பு.)