வெள்ளிக் காசில் ஏறும் வண்ணம்

நேயர்களுக்கு வணக்கம். என் உள்ளங்கையில் இப்போது 1873ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஐந்து பிராங்க் காசு ஒன்று இருக்கிறது. 25 கிராம் எடை, பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. நடுவே ஹெர்குலிஸ், அவருக்கு இருபுறமும் சுதந்திரமும் சமத்துவமும் பெண் உருவில் நிற்கிறார்கள். விளிம்போரம் மயில்கழுத்து நீலம். உள்ளே வரவர கருஞ்சிவப்பு, அதற்கும் உள்ளே தேன் நிறம். ஹெர்குலிஸின் மார்பு மட்டும் வெறும் வெள்ளியாகவே இருக்கிறது. காசைக் கொஞ்சம் சாய்த்தால் நிறங்கள் அசைகின்றன.

இது யாரும் பூசிய சாயமல்ல. காற்றிலும் பழைய காகிதத்திலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய சல்பைடு படலமாகப் படிகிறது. படலத்தின் மேலே பட்டுத் திரும்பும் ஒளியும், அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது சில நிறங்கள் அழிந்து சில மிஞ்சுகின்றன. தண்ணீரில் எண்ணெய் மிதக்கும்போது வானவில் தெரிகிறதே, அதே விதிதான். படலம் தடிக்கத் தடிக்க முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, பிறகு நீலம். முற்றிப்போனால் கறுப்பு.

இந்த வரிசை தெரிந்தால் காசின் கதையை ஓரளவு படித்துவிடலாம். என் காசில் விளிம்பில்தான் படலம் தடிமன். அட்டை ஆல்பத்தின் குழியில் வெகுகாலம் கிடந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் பழைய வெள்ளிக் காசுகளான மார்கன் டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டிக் கிடந்தவை. பைத்துணியை ஒட்டிய காசில் நிறம் ஏறும். மேலே இன்னொரு காசு மறைத்த இடம் பிறைபோல வெளுத்து நிற்கும். சூடாக்கியும் ரசாயனம் தடவியும் செய்யும் போலி வண்ணத்தில் பெரும்பாலும் இந்த ஒழுங்கு இராது. மஞ்சளை ஒட்டியே திடீரென்று நீலம் வந்தால் நான் வாங்க மாட்டேன்.

பிவிசி என்ற பிளாஸ்டிக் உறையால் வரும் பிசுபிசுப்பான பச்சை வேறு விஷயம். அது காசையே அரிக்கும், அசிட்டோனில் கழுவி எடுக்கத்தான் வேண்டும். மற்றபடி கை வைக்காதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சேகரிக்கத் தொடங்கிய புதிதில், 1887ஆம் ஆண்டின் விக்டோரியா கிரவுன் என்ற பிரிட்டிஷ் வெள்ளிக் காசு ஒன்றைப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது, எனக்கும் பூரிப்பு. இருபது ஆண்டுகள் கழிந்து இப்போது அதன் ஓரத்தில் மஞ்சள் மறுபடி துளிர்த்திருக்கிறது. ஆனால் விளக்கின் கீழ் சாய்த்தால், அரசியின் கன்னத்தில் நான் தேய்த்த கீறல்கள் ஒவ்வொன்றும் அந்த மஞ்சளுக்கு அடியில் தெரிகின்றன.