ஸ்டாக்ஹோமில் நகர்ந்த அம்மி

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, உடம்பு சரியில்லாத போதும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் நமக்காக நேரம் ஒதுக்கிய வார்டு உறுப்பினர் அவர்களே, ஏழு வருடமாக ஒரு ரூபாய் வாடகை வாங்காமல் ஒலிபெருக்கி தந்துவரும் சவுண்ட் சர்வீஸ் தம்பி அவர்களே, அரசு மேல்நிலைப் பள்ளியிலிருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். போன மாதம் தலைவர் எனக்குப் போர்த்திய சால்வையை இன்றும் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். அந்த அன்புக்கு முதலில் நன்றி.

"அடுத்த தடவை பிள்ளைகளுக்குப் பிடிச்சதா ஒண்ணு பேசுங்க சார்" என்று தலைவர் அன்புக் கட்டளை இட்டிருந்தார். சரி என்று ஒரு பாட்டை எடுத்துக்கொண்டேன். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் என்ற ஐந்து பேர் கொண்ட அமெரிக்கக் குழு பாடிய 'ஐ வான்ட் இட் தட் வே'. இதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, பாட்டு எப்படி உருவானது. இரண்டு, ஏன் இன்னும் நிலைத்து நிற்கிறது. மூன்று, அந்த ஐந்து பேரும் தங்கள் மேலாளரோடு நடத்திய ஒப்பந்த வழக்கு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி வைத்திருக்கிறேன்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

1999 ஏப்ரலில் வெளிவந்த பாட்டு இது. பாடியவர்கள் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில் 1993இல் சேர்க்கப்பட்ட குழுவினர்: நிக், பிரையன், கெவின், ஏ.ஜே., ஹோவி. ஆனால் பாட்டு பிறந்த இடம் அமெரிக்கா இல்லை. சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில், செய்ரான் என்ற ஒலிப்பதிவுக் கூடம். அந்தக் காலத்தில் சுவீடனின் மொத்த மக்கள்தொகையே 90 லட்சத்துக்கும் குறைவு. நம் ஒரு மாநிலத்தில் ஏழெட்டு சுவீடனை அடைக்கலாம். அந்தச் சின்ன நாட்டின் ஒரு கூடத்திலிருந்துதான் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் முணுமுணுத்த பாட்டு வந்தது.

செய்ரானை நடத்தியவர் டெனிஸ் பாப். வீட்டுப் பெயர் டாக் வோலே. டிஸ்க் ஜாக்கியாக இருந்து மேலே வந்தவர். வாத்தியம் வாசிக்கத் தெரியாது, ஆனால் காது இருந்தது. அவருக்கு 1990களின் தொடக்கத்தில் ஒரு புதுக் குழு மாதிரிப் பாட்டு ஒன்றை கேசட்டில் அனுப்பியது. காரில் போட்டுக் கேட்டார், பிடிக்கவில்லை. எடுக்கலாம் என்று பட்டனை அமுக்கினால் கேசட் வரவில்லை. பிளேயருக்குள் சிக்கிக்கொண்டது! வேறு வழி? வீட்டுக்கும் கூடத்துக்கும் போகும்போதும் வரும்போதும் அதே பாட்டு. கேட்கக் கேட்க அதற்குள் என்னவோ இருக்கிறது என்று தோன்றிவிட்டது. அந்தக் குழுவைக் கூப்பிட்டு, பாட்டைச் செதுக்கி வெளியிட்டார். அதுதான் ஏஸ் ஆஃப் பேஸ் குழுவின் 'ஆல் தட் ஷீ வான்ட்ஸ்'. உலகம் முழுக்க ஓடியது.

இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் இதே கதை நம் ஊரில் நடந்திருக்கிறது. வயதானவர்களுக்கு நினைவிருக்கும். காலை ஏழே காலுக்குப் புறப்படும் டவுன் பஸ். நான் அதில்தான் பள்ளிக்கூடம் போவேன். ஒரு கோடை முழுக்க அந்த பஸ்ஸின் டேப் ரிக்கார்டரில் ஒரே கேசட் மாட்டிக்கொண்டது. திருப்பவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஒரு பக்கத்தில் ஐந்து பாட்டு. ஓட்டுநர் ஸ்பேனரை வைத்து நெம்பிப் பார்த்தார், மூடிதான் உடைந்தது. முதல் வாரம் எல்லோரும் திட்டினார்கள். "அண்ணே, அதை அணைச்சுத் தொலைங்க" என்று பின்சீட்டிலிருந்து சத்தம் வரும். இரண்டாவது வாரம் சத்தம் நின்றது. மூன்றாவது வாரம் கல்லூரிப் பையன்கள் சரணத்தைப் பாட ஆரம்பித்தார்கள். கண்டக்டர் விசிலைத் தாளத்தோடு ஊதினார். கீரைக்கட்டுக் கூடையோடு சந்தைக்குப் போகும் ஆயா ஒருவர் இருப்பார். அவருக்குப் பாட்டு வரிகள் தெரியாது. ஆனால் பல்லவி முடிந்து வரும் வயலின் பிட் இருக்கிறதே, அதை ஒரு சுரம் பிசகாமல் "தன்ன தன்னான" என்று பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஐயா! பஸ்ஸே கைதட்டும். மழைக்காலம் வந்து டேப்பை ரிப்பேர் செய்து, புதுக் கேசட் போட்டார்கள். அன்று ஆயா கேட்டார்: "நம்ம பாட்டு எங்கப்பா?"

நம்ம பாட்டு. மூன்று மாதம் முன்னால் அது யாருடைய பாட்டோ. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம், டெனிஸ் பாப் ஓர் இளைஞரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டார். அவர் கார்ல் மார்ட்டின் சான்ட்பெர்க், முடி வளர்த்த ராக் குழுப் பாடகர். அவருக்கு மேக்ஸ் மார்ட்டின் என்று பெயர் வைத்தவரும் டெனிஸ் பாப்தான். குருவுக்கு சுரம் எழுதத் தெரியாது, சீடர் முறையாக இசை படித்தவர். இருவரும் சேர்ந்து 1995இல் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் முதல் பாட்டைச் செய்தார்கள். 1998 ஆகஸ்ட் 30 அன்று டெனிஸ் பாப் புற்றுநோயால் இறந்தார். வயது 35. நாம் பேசும் பாட்டு அதே ஆண்டு நவம்பரில், அந்தக் கூடத்தில் பதிவானது. குரு போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தொடக்க கிதாரை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

பாட்டை எழுதியவர்கள் மேக்ஸ் மார்ட்டினும் ஆண்ட்ரியாஸ் கார்ல்சனும். இருவருக்கும் தாய்மொழி சுவீடிஷ். ஆங்கிலச் சொற்களைப் பொருளுக்கு முன்னால் ஓசைக்காக எடுத்தார்கள். மெட்டில் ஒரு சுரம் நீண்டால் அங்கே நெடில் உயிர் வேண்டும், எண்ணி வைத்த அசை ஒன்று கூடவும் கூடாது குறையவும் கூடாது. நம் யாப்பு படித்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும். விளைவு என்ன? தலைப்பின் பொருள் 'எனக்கு அப்படித்தான் வேண்டும்'. எப்படி? அதற்குப் பாட்டில் பதிலே இல்லை. தொடக்கத்தில் காதலன் அப்படித்தான் வேண்டும் என்கிறான். பல்லவிக்கு வந்தால், நீ அந்தச் சொல்லைச் சொல்லி நான் ஒருபோதும் கேட்கக் கூடாது என்கிறான். என் அண்ணன் மகள் அந்தக் காலத்தில் இந்தப் பாட்டே கதி என்று கிடந்தாள். நான் அகராதியோடு உட்கார்ந்து மூன்று இரவு முட்டி மோதினேன். அவள் சொன்னாள்: "சித்தப்பா, புக்கை மூடிட்டுக் கண்ணையும் மூடுங்க. அப்ப புரியும்." புரிந்தது.

இசை நிறுவனத்தாருக்கும் என்னைப் போலவே குழப்பம் வந்தது. பெரிய தயாரிப்பாளரான மட் லாங்கின் உதவியோடு வரிகளைத் திருத்தி, பொருள் சரியாக வரும்படி இன்னொரு வடிவம் தயாரானது. அதையும் பாடிப் பதிவு செய்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஐந்து பேரும், எங்களுக்குப் பழையதுதான் வேண்டும் என்று நின்றார்கள். பொருள் கூடி வந்ததில் பாட்டு கழன்றுபோனது என்பதை அவர்கள் காது கண்டுகொண்டது. இன்று நாம் கேட்பது அந்தப் பழைய வடிவத்தைத்தான்.

கட்டமைப்பையும் ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறேன். பிரையன் தணிந்து தொடங்குகிறார், நிக் அதை வாங்கிக்கொள்கிறார், பல்லவியில் ஐந்து குரலும் சேர்கின்றன. கடைசிப் பல்லவிக்கு முன்னால் பாட்டு ஒரு முழுச் சுரம் மேலே ஏறுகிறது. நம் கச்சேரி மொழியில் சுருதியையே கட்டை மாற்றுவது. அதே மெட்டுதான், ஆனால் படிக்கட்டில் ஒரு படி ஏறி நின்று பாடுவது போல நெஞ்சு நிமிர்கிறது. கேட்கிறவனும் தொண்டையை உயர்த்திப் பாட ஆசைப்படுகிறான்.

இரண்டாவது செய்தி. இங்கிலாந்தில் பாட்டு முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் ஆறாவது இடத்தோடு நின்றது, காரணம் அங்கே இதைத் தனித் தட்டாகக் கடைக்கு விடவே இல்லை. வானொலி பலத்திலேயே ஆறு வரை ஏறியது. பாட்டு வேண்டும் என்றால் 'மில்லேனியம்' தொகுப்பைத்தான் வாங்க வேண்டும். முதல் வாரத்தில் மட்டும் அது அமெரிக்காவில் 11 லட்சத்துக்கு மேல் விற்றது. ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி பரிந்துரையும் கிடைத்தது, விருது வேறொரு பாட்டுக்குப் போனது. போகட்டும். 2005இல் சீனாவின் குவாங்சோ நகரில் இரண்டு கலைக் கல்லூரி மாணவர்கள் விடுதி அறையில் வெப் கேமரா முன்னால் உட்கார்ந்து இதற்கு வாயசைத்தார்கள். பின்னால் இன்னொரு மாணவர் திரும்பிப் பார்க்காமல் கணினியில் வேலையாக இருப்பார். அதை உலகமே பார்த்தது. விமான நிலையத்தில் எடுத்த அசல் வீடியோ யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தாண்டியது. 2023 மே மாதம் குழு மும்பைக்கு வந்தபோது, கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறிப் போய்க் கேட்டுவந்தாள் என் அண்ணன் மகள். தொண்டை கட்டிப்போய், பேச்சே வராமல் திரும்பினாள்.

ஏன் நிலைத்தது? பாட வரும், அதனால் நிலைத்தது. பயிற்சி இல்லாதவனும் பல்லவியைப் பிடித்துக்கொள்ளலாம். இப்படி எளிதாகத் தெரியும் ஒன்றைச் செய்யத்தான் படிப்பு வேண்டும். மேக்ஸ் மார்ட்டின் எங்கே படித்தார்? இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். சுவீடனில் 1940களிலிருந்து நகராட்சிகளே இசைப் பள்ளிகள் நடத்துகின்றன. மிகக் குறைந்த கட்டணம், எந்த வீட்டுப் பிள்ளையும் ஒரு வாத்தியம் பழகலாம். மேக்ஸ் மார்ட்டின் அங்கே பிரெஞ்சு ஹார்ன் பழகியவர். தன் வளர்ச்சிக்கெல்லாம் அந்தப் பொது இசைக் கல்விதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். வார்டு உறுப்பினர் அவர்கள் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மியை நகர்த்தியவர்கள் உள்ளாட்சிக்காரர்கள்!

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில், பெயர் வேண்டாம், விளையாட்டுச் சாமான் அறையில் ஓர் ஆர்மோனியம் இருந்தது. இசை ஆசிரியர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. பல வருடம் கழித்து ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள் என்று திறந்தோம். துருத்தியை எலி கடித்திருந்தது. அந்தக் குழந்தை ஒரு கட்டையை அமுக்கினாள். சுரம் வரவில்லை, காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. அவள் சிரிக்கவில்லை. அடுத்த கட்டை, அதற்கடுத்த கட்டை என்று வரிசையாக அமுக்கிக்கொண்டே போனாள். ஏழாவதோ எட்டாவதோ, ஒன்று மட்டும் ஒலித்தது. அதையே மதிய மணி அடிக்கும் வரை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் ஐயா. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் முழுநேர இசை ஆசிரியர் ஒருவர் வேண்டும். வாரத்துக்கு இரண்டு பாட வேளை, அதைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளக் கூடாது. நான்கு முறை மனு கொடுத்தாகிவிட்டது, ரசீது நான்கும் பத்திரமாக இருக்கிறது. இது ஐந்தாவது. அடிமேல் அடி.

மூன்றாவது செய்தியான வழக்கு விவகாரத்தைத் தலைவர் இன்னொரு நாள் அனுமதித்தால் பேசுகிறேன், நூலகத்தைப் பூட்டும் நேரம் ஆகிவிட்டது. மனு வாசல் மேசையில், நாளிதழ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன். பெயர், முகவரி, பிள்ளை படிக்கும் வகுப்பு, கையெழுத்து. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகத்துக்குக் கிளம்புகிறோம், வேனில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.